பெட்டை நாய்க்குக் கருத்தடை எப்போது செய்வது? குமரி மாவட்ட வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

"ஆறு மாசம் ஆகட்டும், கூட்டிட்டு வாங்க." பெட்டை நாயின் கருத்தடை, அதாவது சினைப்பையையும் பெரும்பாலும் கருப்பையையும் எடுத்துவிடும் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது. 14 கிலோவைத் தாண்டாத நாட்டு நாய்க்கு இந்தப் பதில் சரி. முழு வளர்ச்சியில் 28 கிலோ வரப்போகும் லேப்ரடாருக்கு இது அவசரம். ஏற்கெனவே பருவத்துக்கு வந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும் நாய்க்கோ, வயது எதுவானாலும் இன்றைக்கு வேண்டாம் என்பதே பதில். வயதை மட்டும் பார்த்து நாள் குறிக்க முடியாது.

மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாய் வளர்ந்து முடிந்ததும் எத்தனை கிலோ இருக்கும்? பருவச் சுழற்சியில் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது? பருவம் வந்தால் மூன்று வாரம் முழுக்க அதை வெளி நாய்கள் அண்டாமல் வைத்துக்கொள்ள உங்கள் வீட்டில் வழி உண்டா? புத்தகங்கள் முதல் இரண்டைப் பற்றித்தான் அதிகம் பேசும். நம் மாவட்டத்தில் மூன்றாவதுதான் கனமானது. தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு, வேலிக்குப் பதில் நாலு பூவரச மரம், பக்கத்து விளையிலிருந்து எந்த நாயும் நினைத்த நேரத்தில் வரலாம் என்ற நிலைமையில், "ஒரு பருவம் கழியட்டும்" என்று காத்திருந்தால் பெரும்பாலும் அது ஒரு பேறு குட்டிகளில்தான் போய் முடியும்.

முதலில் பருவக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிறிய இன நாய்கள் 6 முதல் 8 மாதத்திலேயே முதல் பருவத்துக்கு வந்துவிடலாம். நாட்டு நாய்கள் பெரும்பாலும் 7 முதல் 12 மாதத்துக்குள். ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய உடம்புக்காரிகளுக்கு ஒரு வயது தாண்டியும் வரலாம். சிலவற்றுக்கு ஒன்றரை வயது வரைகூட இழுக்கும்.

பருவம் தொடங்கும்போது பிறப்புறுப்பு வீங்கும், ரத்தம் கசியும், ஆண் நாய்கள் வீட்டைச் சுற்ற ஆரம்பிக்கும். ஆனால் பெட்டை அவற்றைக் கிட்டே விடாது, உறுமும், உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கட்டம் சராசரியாக 9 நாள். அதன்பிறகு கசிவின் நிறம் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு வரும் அல்லது நின்றே போகும். வால் ஒருபக்கமாக ஒதுங்கும். ஆண் நாயை ஏற்பது இந்தக் கட்டத்தில்தான். இதுவும் சராசரியாக 9 நாள். நாய்க்கு நாய் நிறையவே மாறும்.

அதிகமான வீடுகளில் தவறு நடப்பது இந்த இடத்தில். "ரத்தம் நின்னாச்சு, இனி பயமில்லை" என்று சங்கிலியை அவிழ்த்து விடுகிறார்கள். ரத்தம் நின்ற அந்த வாரம்தான் சினை பிடிக்க மிகத் தோதான வாரம். ரத்தம் கண்ட முதல் நாளிலிருந்து முழுதாக 21 நாள் அடைத்து வைக்க வேண்டும். அதன் பிறகும் ஆண் நாய்கள் வாசலை விட்டுப் போகவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம்.

பருவம் முடிந்ததும் சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உடம்பில் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மாதம் உயர்ந்தே இருக்கும். அது இறங்கிய பிறகு சில மாதம் ஓய்வு. ஆக, ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 6, 7 மாதம். இந்த ஓய்வுக் காலம்தான் அறுவை சிகிச்சைக்கு ஏற்ற காலம். கருப்பைக்கு வரும் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும், திசு உறுதியாக இருக்கும், ஹார்மோன் அமைதியாக இருக்கும்.

தராசின் இரு தட்டுகள்

கருத்தடை செய்யாமல் விட்டால் வரக்கூடிய பெரிய ஆபத்து கருப்பையில் சீழ் பிடிப்பது. பயோமெட்ரா என்பார்கள். ஸ்வீடன் நாட்டுக் காப்பீட்டுப் பதிவுகளின்படி, கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை பத்து வயதுக்குள் இந்த நோயைக் கண்டன. பருவம் முடிந்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும். நாய் சோர்ந்து கிடக்கும், தண்ணீர் மட்டும் அளவில்லாமல் குடிக்கும், வாந்தி எடுக்கும், பின்புறம் சீழோ துர்நாற்றமோ இருக்கும். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியவே தெரியாது. இதுதான் இரண்டிலும் மோசமானது. அப்போது செய்ய வேண்டியதும் இதே அறுவை சிகிச்சைதான். ஆனால் செய்யப்படுவது எட்டு வயதான, காய்ச்சலில் துவண்ட, சிறுநீரகம் தளர்ந்த நாய்க்கு.

இரண்டாவது, மடிக் கட்டிகள். 1969-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களில் மடிப் புற்றுநோய் ஆபத்து, செய்யாதவற்றோடு ஒப்பிட 0.5 சதவீதமாகவும், ஒரு பருவத்துக்குப் பின் செய்தால் 8 சதவீதமாகவும், இரண்டு பருவத்துக்குப் பின் 26 சதவீதமாகவும் இருப்பதாகச் சொன்னது. இன்றும் எல்லோரும் சொல்லும் கணக்கு இதுவே. ஆனால் 2012-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி அலசி, இதற்கான சான்றுகள் நினைத்த அளவு வலுவானவை அல்ல என்றார்கள். சீக்கிரம் செய்தால் நன்மை உண்டு என்று நம்ப நியாயம் இருக்கிறது. தசமப் புள்ளி வரை அந்த எண்களை நம்ப வேண்டியதில்லை.

மறுதட்டில் எலும்பும் சிறுநீரும். சினைப்பை சுரக்கும் ஹார்மோன், எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் உரிய காலத்தில் மூட உதவுகிறது. சினைப்பையை முன்கூட்டியே எடுத்தால் பெரிய இன நாய்களின் கால் எலும்பு சற்று அதிகம் நீண்டு, மூட்டுக்குச் சுமை கூடுகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013 முதல் 2020 வரை வெளியிட்ட ஆய்வுகள் இதை இனவாரியாகப் பிரித்துக் காட்டின. பொமரேனியன், பக் போன்ற சிறிய இனங்களில் சீக்கிரம் செய்ததால் மூட்டு நோய் கூடவில்லை. கலப்பின நாய்களில் 20 கிலோவுக்குக் கீழே கவலை இல்லை. அதற்கு மேல் வளரும் நாய்களுக்கு ஒரு வயதுக்குள் செய்தபோது மூட்டுப் பிரச்சினை கூடியது.

சிறுநீர்க் கசிவு என்பது, தூங்கும்போது நாய் அறியாமலே சொட்டுவது. கருத்தடை செய்த பெட்டைகளில் ஒரு சிறு பங்குக்கு, பெரும்பாலும் சில ஆண்டுகள் கழித்து வரும். உடல் எடை கூடிய இனங்களில் அதிகம். மருந்தால் கட்டுப்படும்.

"ஒரு தடவையாவது குட்டி போடணும், இல்லேன்னா மனசு ஏங்கிப்போகும்" என்ற நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை. குட்டி போடாத நாய்க்கு அதனால் உடலிலோ குணத்திலோ குறை எதுவும் வருவதில்லை.

உங்கள் நாய்க்கு, உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

நாட்டு நாய், அல்லது முழு வளர்ச்சியில் 20 கிலோவுக்குள் நிற்கும் கலப்பினம். வீட்டுக்குச் சுற்றுச்சுவர் இல்லை, அல்லது பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. இந்த நிலையில் ஐந்தரை முதல் ஆறு மாதத்துக்குள், முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். தயங்கத் தேவையில்லை. வயது சரியாகத் தெரியாத, தெருவிலிருந்து எடுத்த குட்டி என்றால் பல்லைப் பாருங்கள். கோரைப் பற்கள் நான்கும் பால் பல் விழுந்து புதிதாக முளைத்திருந்தால் ஆறு மாதத்தை ஒட்டி என்று கொள்ளலாம்.

அதே நாட்டு நாய், ஆனால் நல்ல மதிலும் கேட்டும் உள்ள வீடு, முழுநேரமும் ஆள் உண்டு. இங்கே இரண்டும் சரி. முதல் பருவத்துக்கு முன் செய்வதே எளிது என்பது எங்கள் கருத்து. ஒரு விதிவிலக்கு: குட்டிப் பருவத்தில் பிறப்புறுப்பில் அடிக்கடி அழற்சி, வெள்ளைக் கசிவு, அல்லது உறுப்பு உள்ளடங்கி மடிப்புக்குள் புதைந்திருத்தல். இவை முதல் பருவத்தோடு பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்பதால் ஒரு பருவம் கழிய விடுவது நல்லது.

லேப்ரடார் பெட்டைக்கு ஒரு வயது முடிந்த பிறகு. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு டேவிஸ் ஆய்வாளர்கள் இரண்டு வயது வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். கோல்டன் ரெட்ரீவர் சிக்கலான இனம். பெட்டைகளில் எந்த வயதில் கருத்தடை செய்தாலும் சில புற்றுநோய்கள் கூடியதாக அந்த ஆய்வு கண்டதால், ஒரு வயதுக்குப் பின் செய்துவிட்டுக் கவனமாகக் கண்காணிப்பதா, செய்யாமலே விடுவதா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் இனங்களை உடல் எடையை வைத்து நடத்துங்கள்: 20 கிலோவைத் தாண்டும் என்றால் ஒரு வயது கழியட்டும்.

ஆனால் இந்தக் காத்திருப்பு முழுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நடுவில் வரும் ஒவ்வொரு பருவத்திலும் 21 நாள் காவல். சங்கிலியில் கட்டிப்போடுவது காவல் ஆகாது. கட்டிப்போட்ட பெட்டை ஓட முடியாமல் நிற்பதால் வரும் ஆண் நாய்க்கு வேலை எளிதாகிறது. கதவு சாத்திய அறை வேண்டும். மறைப்பு இல்லாத சாய்ப்பில் விடுவதும் வீண். ஐந்தடிச் சுவரை ஏறிக் குதிக்கும் ஆண் நாய்கள் உண்டு. வெளிக்குப் போக வாரில் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். இது முடியாத வீட்டில் லேப்ரடார் இருந்தாலும், சற்று முன்னதாகக் கருத்தடை செய்வதே எதிர்பாராத சினையைவிட மேல். மூட்டு நோய் வருவது வாய்ப்பு மட்டுமே. திறந்த வளாகத்தில் சினை ஏறக்குறைய உறுதி.

ஏழு, எட்டு வயதான, இதுவரை செய்யாத பெட்டைக்கும் காலம் கடந்துவிடவில்லை. சீழ் பிடிக்கும் ஆபத்து வயதோடு ஏறுவதால், ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தால் செய்யலாம். மடி வரிசையை விரலால் தடவி, பட்டாணி அளவுக் கட்டி இருந்தாலும் மருத்துவருக்குக் காட்டுங்கள். ஒரே மயக்கத்தில் அதையும் எடுக்க முடியுமா என்று அவர் பார்ப்பார்.

நாள் குறிப்பது: நாட்காட்டியும் மழையும்

ஒரு முறையேனும் பருவம் வந்த நாய்க்கு, ரத்தம் கண்ட முதல் நாளைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அந்த நாளிலிருந்து 11-ஆவது வாரத்துக்கும் 16-ஆவது வாரத்துக்கும் இடையில் உள்ள காலமே சிகிச்சைக்கு உகந்தது. ஜனவரி 10-இல் ரத்தம் கண்டால் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் முடிய. ஜூலை 5 என்றால் செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 25 வரை.

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் முற்றம் காயாது. ஈர மண்ணில் படுத்த நாயின் தையல் காயாமல் ஊறும். ஈ மொய்த்தால் புழு வைக்கும். மேலே சொன்ன ஜூலை கணக்கில், அக்டோபர் கடைசி வரை தள்ளிப்போடாமல் புரட்டாசியில், செப்டம்பர் பிற்பாதியிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுக்குள் தரைபோட்ட, காய்ந்த அறையில் இரண்டு வாரம் வைத்திருக்க முடியுமானால் மழைக்காலம் தடையே இல்லை. முதல் பருவம் நெருங்கும் குட்டிக்கு மழை முடியட்டும் என்று காத்திருப்பது தவறான கணக்கு.

இந்தச் சமயங்களில் செய்யாதீர்கள்:

பருவம் நடந்துகொண்டிருக்கும்போது. ரத்தக் குழாய்கள் புடைத்து, திசு தளர்ந்து, கட்டிய நூல் அறுத்துக்கொண்டு போகும் நிலையில் இருக்கும். கைதேர்ந்தவர்கள் செய்வார்கள், ஆனால் அவசியம் இல்லாமல் அந்த ஆபத்து எதற்கு?

பொய்ச்சினையில் இருக்கும்போது. பருவம் முடிந்து 6 முதல் 9 வாரத்தில் சில நாய்கள் சினை இல்லாமலே மடி வீங்கி, பால் சுரந்து, பழைய செருப்பையோ பந்தையோ குட்டிபோலக் கட்டிக்கொண்டு படுக்கும். இந்த நிலையில் சினைப்பையை எடுத்தால் புரோஜெஸ்டிரான் திடீரென்று விழுந்து, பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் கூடி, பொய்ச்சினை மாதக்கணக்கில் நீளலாம். பால் முழுக்க வற்றிய பிறகு செய்ய வேண்டும். மடியைப் பிதுக்கிப் பார்க்காதீர்கள். அதுவே பாலைத் தூண்டும்.

குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போது. குட்டிகள் 6 முதல் 8 வாரத்தில் பால் மறந்து, மடி சுருங்க இன்னும் இரண்டு வாரம் விட்டுச் செய்யலாம். பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் அடுத்த பருவம் உரிய நேரத்தில் வரும் என்பதால் மாதக்கணக்கில் தள்ளக் கூடாது.

தவறிப்போய் வெளி நாயோடு சேர்ந்துவிட்டால், பலர் முதலில் தேடுவது "கலைக்கிற ஊசி". ஈஸ்ட்ரோஜன் ஊசி எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும், கருப்பையில் சீழ் பிடிக்கவும் வழி செய்யும். பருவம் வராமல் தடுக்க என்று போடப்படும் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரான் ஊசியும் இதே வகை ஆபத்து உடையது: சீழ், மடிக் கட்டி, சில நாய்களுக்குச் சர்க்கரை நோய். மலிவாகவும் சுலபமாகவும் தெரிவதால் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், கேட்காதீர்கள். இனி குட்டி வேண்டாம் என்ற முடிவில் இருப்பவர்களுக்கு, பருவம் அடங்கியபின் சினையின் தொடக்க வாரங்களிலேயே கருத்தடை செய்துவிடலாம். சினை சுமார் 63 நாள். கடைசி வாரங்களில் ஆபத்து ஏறும்.

எங்கே செய்வது, என்ன கேட்பது?

அரசு கால்நடை மருந்தகங்களும் மருத்துவமனைகளும் மாவட்டம் முழுக்க உள்ளன. கிராம மருந்தகங்களில் மாடும் ஆடும்தான் முதன்மை என்பதால் அறுவை அரங்கும் நாள் ஒதுக்கீடும் எல்லா இடத்திலும் இருக்காது. முன்கூட்டிப் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை போன்ற ஊர்களில் தனியார் மருத்துவர்கள் உண்டு. சிக்கலான நாய்க்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டே.

கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அதில் ரத்தப் பரிசோதனை, வலி மருந்து, கழுத்து வளையம், தையல் பிரிப்பு ஆகியவை அடக்கமா? ஊசி மயக்கமா, வாயு மயக்கமா? மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்க்கத் தனி ஆள் உண்டா? நரம்பில் ஊசிக்குழாய் போட்டு குளுக்கோஸோ சலைனோ ஏற்றுவார்களா? இரவில் ஏதாவது என்றால் யாரை அழைப்பது? சினைப்பை இரண்டையும் முழுதாக எடுத்துவிட்டதைக் காட்டச் சொல்லவும் தயங்க வேண்டாம். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் நாய் மீண்டும் பருவத்துக்கு வரும்.

கீறல் வயிற்றின் நடுக்கோட்டில் தொப்புளுக்குக் கீழே இருக்கலாம், விலாப்பக்கமும் இருக்கலாம். இரண்டும் ஏற்கப்பட்ட முறைகள்தான். விலாக் கீறல் தூரத்திலிருந்தே பார்வைக்குத் தெரியும் என்பதால் தெரு நாய்களுக்கு அதை விரும்புவார்கள்.

உண்ணிக் காய்ச்சலை முதலில் விலக்குங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நம் ஈரப்பதமும் வெப்பமும் உண்ணிக்கு ஆண்டு முழுக்க ஏற்ற சூழல். பழுப்பு நிற நாய் உண்ணி எர்லிக்கியா, பபேசியா கிருமிகளைப் பரப்புகிறது. எர்லிக்கியா ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். வெளியே நாய் நன்றாக ஓடியாடிச் சோறு தின்றுகொண்டிருக்கும். வயிற்றைத் திறந்த பிறகுதான் ரத்தம் உறையாமல் கசிவது தெரியும். "நல்லாத்தான் இருந்திச்சு, ஆபரேஷன் பண்ணிக் கெடுத்திட்டாங்க" என்ற பழி பல நேரம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

சிகிச்சைக்கு ஒரு வாரத்துக்குள் ரத்தம் எடுத்து, ஹீமோகுளோபின், தட்டணு, வெள்ளணு, கிரியாட்டினின், கல்லீரல் நொதி பாருங்கள். நாயின் ஹீமோகுளோபின் 12 முதல் 18 கிராம் வரை இயல்பு. தட்டணு 2 லட்சம் முதல் 5 லட்சம். தட்டணு குறைந்திருந்தால் ரத்தப் பூச்சுச் சோதனையில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள். முடித்து, மறுபடி ரத்தம் பார்த்து, எண் ஏறிய பிறகு நாள் குறிக்க வேண்டும். நாலு நாள் மாத்திரையில் முகம் தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கும். உண்ணிக்கான மாத்திரையோ சொட்டு மருந்தோ எடைக்கு ஏற்றபடி மருத்துவர் தருவார். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாய் மேல் ஊற்றாதீர்கள்.

வெறிநாய்த் தடுப்பூசியும் பார்வோ, டிஸ்டெம்பர் கூட்டுத் தடுப்பூசியும் முடிந்து இரண்டு வாரமாவது ஆகியிருக்கட்டும். குடற்புழு மருந்தும் முன்பே கொடுத்திருங்கள்.

முந்தைய நாளும் அன்றைய நாளும்

இரண்டு நாள் முன்பே குளிப்பாட்டிவிடுங்கள். அதன்பின் இரண்டு வாரம் குளியல் கிடையாது. வளர்ந்த நாய்க்கு முந்தைய இரவு 9 மணிக்கு வழக்கத்தில் பாதிச் சோறு, அதன்பின் ஒன்றுமில்லை. தண்ணீரைக் காலையில் எடுத்துவிடலாம். ஐந்து, ஆறு மாதக் குட்டியை இத்தனை நேரம் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கும். ஆறு மணி நேரம் போதும், மிகச் சிறிய இனத்துக்கு நாலு மணி நேரம். தோப்பில் சுற்றும் நாயை இரவு உள்ளே அடையுங்கள். வெளியே மீன் தலையும் கோழிக் கழிவும் தின்றுவிட்டு வந்தால், மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாயில் இறங்கும். தின்றுவிட்டது என்று தெரிந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி நாளை மாற்றுங்கள்.

பழைய போர்வை, வார், வாய்ப்பூட்டு, முந்தைய பரிசோதனைத் தாள்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துத் திரும்பக் கூட்டிவர முடியாது. ஆட்டோவோ காரோ முன்பே பேசி வைக்க வேண்டும்.

முதல் இரவும் பதினான்கு நாளும்

மயக்கம் தெளியும் நாய் குளிர்ந்துபோகும், தள்ளாடும், முனகும். கட்டிலிலோ படிக்கட்டுப் பக்கமோ விடாமல், தரையில் சாக்கோ போர்வையோ விரித்துக் காற்று நேரே அடிக்காத இடத்தில் படுக்க வையுங்கள். நன்றாக எழுந்து நின்ற பிறகுதான் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. இரவில் வழக்கத்தில் கால் பங்கு குழைந்த கஞ்சியும் அவித்த முட்டையும் போதும். 24 மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும். மலம் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை.

முதல் இரண்டு நாள் ஈறுதான் உங்கள் அளவுகோல். உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்து, பாதம் சில்லிட்டு, வயிறு உப்பி, நாய் தலை தூக்காமல் கிடந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று கொள்ளுங்கள். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

தையலைக் காலையும் மாலையும் பாருங்கள், கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நேற்றையதோடு ஒப்பிட அதைவிட நல்ல வழி இல்லை. ஓரம் சற்றே சிவந்து வீங்கியிருப்பது இயல்பு. மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் கூடுவது, சீழ், நாற்றம், தையல் விரிவது, 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காட்ட வேண்டும். நாயின் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 என்பதால், தொட்டுப் பார்த்துச் சூடு என்று பயப்படாமல் வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தையல் மேல் வேண்டாம். எண்ணெய்ப் பசை தூசியையும் மண்ணையும் பிடித்து வைக்கும். நாய் நக்கவும் தூண்டும். மனிதருக்கான பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்காதீர்கள். வயிற்றுப் புண், சிறுநீரக, கல்லீரல் பாதிப்பு வரும். மருத்துவர் எடை பார்த்துக் குறித்த வலி மருந்து மட்டும்.

கெடுக்கும் காரணங்களில் முதலிடம் நக்குவதற்கு. அரை மணி நேரத்தில் தையலை அவிழ்த்துவிடும் நாய்கள் உண்டு. கழுத்து வளையத்தைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். சோறு தின்னும் நேரம் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கழற்றலாம். பழைய டி-ஷர்ட்டை மாட்டிவிடுவதும் உதவும், ஆனால் நம் புழுக்கத்தில் அது அழுக்கும் மூத்திரமுமாக நனைந்துவிடும் என்பதால் தினமும் இரண்டு முறை மாற்றுங்கள். ஓட்டம், குதிப்பு, படியேறுதல் 10 முதல் 14 நாள் வரை கூடாது. வெளிக்குப் போக ஐந்து நிமிடம், வாரோடு. நான்காம் நாளே நாய் பழையபடி துள்ளும். குணமாகிவிட்டது என்று அவிழ்த்து விடுவதால் உள்தையல் பிய்ந்து குடல் பிதுங்கிய நிகழ்வுகள் அந்த வாரத்தில்தான். தோலில் நூல் தெரிந்தால் 10 முதல் 14 நாளில் பிரிக்க வேண்டும்.

அதன் பிறகு

கருத்தடைக்குப் பின் நாய்க்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய கால் பங்கு குறையும், பசியோ கூடும். சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்புமாகப் பழைய அளவே வைத்தால் ஆறு மாதத்தில் பீப்பாய் ஆகிவிடும். தையல் பிரித்ததும் சோற்றில் நாலில் ஒரு பங்கைக் குறைத்து, பசிக்கு வேகவைத்த பூசணியோ கேரட்டோ சேருங்கள். உப்பும் மிளகாயும் கலக்காத முட்டையும் முள் நீக்கிய மீனும் குறைய வேண்டாம். விலா எலும்பு பார்வைக்குத் தெரியாமல், விரலால் தடவினால் எண்ணும்படி இருப்பதே சரியான எடை. குணம் தலைகீழாக மாறும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். காவல் குணம் போகாது, பயந்த நாய் இதனால் தைரியம் பெறவும் போவதில்லை.

படுத்த இடத்தில் ஈரம் கண்டால் அடிக்காதீர்கள், தண்ணீரையும் குறைக்காதீர்கள். முதலில் சிறுநீர்த் தொற்று இல்லை என்று பரிசோதித்துவிட்டு, கசிவுதான் என்றால் மருந்து தொடங்கலாம்.

வாசலில் சோறு வாங்கிப் பழகிய தெருப் பெட்டைக்கும் இதே கணக்கு பொருந்தும். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த அதே இடத்தில் திரும்ப விட வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு. காதில் சிறு வெட்டு இருந்தால் அதற்கு ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்று அறியலாம். பிடிக்க வருபவர்களிடம் அந்த நாய்க்குக் குட்டிகள் எங்கே இருக்கின்றன, மடியில் பால் உண்டா, கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்பதைச் சொல்லுங்கள். தினமும் சோறு வைக்கும் உங்களுக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள் அவை. பால்குடிக் குட்டிகள் தாயில்லாமல் சாவதும் சாகாததும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.